பாசி சொல்லும் கணக்கு

தமிழில் 'பாசி' என்ற சொல்லுக்கு இருக்கும் அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. குளத்தில் மிதப்பதும் பாசி. படித்துறையில் காலை வாரிவிடுவதும் பாசி. ஐப்பசி அடைமழையில் மதில்சுவரைப் பற்றிக்கொள்வதும் பாசி. மீன் தொட்டியில் அழகுக்காக நட்டு வைக்கும் வேலம்பாசியும் பாசிதான். திருவிழாக் கடையில் பெண்கள் பேரம் பேசி வாங்கும் மணியும், கஞ்சியில் போடும் பயறும்கூட அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டன. பச்சை நிறத்தைக் கண்ட இடத்திலெல்லாம் நம் முன்னோர்கள் ஒரே முத்திரையைக் குத்திவிட்டுப் போய்விட்டார்கள். கவிதைக்கு அது போதும். வைத்தியத்துக்குப் போதாது.

கவிதைக்குப் போதும் என்று சும்மா சொல்லவில்லை. குறுந்தொகையில் பரணர் பாடிய பாட்டு ஒன்றில், தலைவி தன் உடம்பில் படரும் பசலையை ஊரார் தண்ணீர் எடுக்கும் துறையில் படிந்த பாசிக்கு ஒப்பிடுகிறாள். காதலன் தொடும்போதெல்லாம் விலகுகிறதாம். கையை எடுத்ததும் மறுபடி வந்து மூடிக்கொள்கிறதாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எவளோ ஒருத்தி குடத்தால் பாசியை ஒதுக்கித் தண்ணீர் மொண்டு, குடத்தைத் தூக்கிய மறுகணமே அது கூடிக்கொண்டதைக் கவனித்திருக்கிறாள். இன்று காரைக்காலில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஒதுக்கலாம், எடுக்கலாம், துடைக்கலாம்; கையை எடுத்தால் வந்துவிடுகிறது. ஏன் வருகிறது என்று கேட்டவர்களின் கதைதான் இந்தக் கட்டுரை.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது மேல்நாட்டு வழக்கம், நமக்கு நேற்று வந்தது என்று நினைக்கிறோம். அங்கேயும் அது அவ்வளவு பழசல்ல. பாரிஸில் தையல்காரியாக வேலை பார்த்த ழான் வில்ப்ரே என்ற பிரெஞ்சுப் பெண்மணி, கல்யாணமாகி சிசிலித் தீவுக்குப் போய், 1832-இல் கடல் பிராணிகளை உயிரோடு வைத்துப் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்துகொண்டார். அது உப்புத் தண்ணீர். நம் வீட்டுத் தொட்டிக்கு நேர் முப்பாட்டன் லண்டனில் இருந்தது.

அங்கே மருந்து வணிகர் சங்கத்துக்கு ரசாயனியாக இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். 1849-இல் பன்னிரண்டு காலன் தண்ணீர் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் மண்ணும் இட்டு, வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். அவர் சோதித்தது ஒரு கணக்கு. மீன் மூச்சுவிட்டுக் கரியமிலவாயுவைத் தரும். செடி அதை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தில் பிராணவாயுவைத் திருப்பித் தரும். வரவும் செலவும் சரிக்குச் சரி என்றால் தண்ணீரை மாற்றவே வேண்டியதில்லை.

கணக்கு சில நாள் சரியாகத்தான் ஓடியது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது. மேற்பரப்பிலும் கண்ணாடியின் உட்புறத்திலும் பச்சையாக வழுவழுவென்று ஒன்று படர்ந்தது. ஆக, மீன் தொட்டி பிறந்த வீட்டிலேயே பாசியும் பிறந்துவிட்டது! வாரிங்டன் என்ன செய்தார்? ரசாயனியாக இருந்தும் ரசாயனம் எதையும் கொட்டவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து வந்து விட்டார். அழுகிய இலையையும் வழுவழுப்பையும் அவை தின்று தீர்த்தன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு ஆகாரமாயின. தண்ணீர் தெளிந்தது. 1850-இல் லண்டன் ரசாயனக் கழகத்துக்கு இதை எழுதி அனுப்பினார். அழுகுவதை உண்ண ஆள் இல்லாததுதான் குறை என்று கண்டு, கணக்கில் விட்டுப்போன மூன்றாவது பேர்வழியைச் சேர்த்தார், அவ்வளவுதான்.

இனி நம் கரைக்கு வருவோம். காரைக்காலிலிருந்து வடக்கே கடலோரமாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை அது டேனிஷ்காரர்களுடையது. காரைக்கால் 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் முதல் தேதி இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962-இல். இரண்டு ஊருக்கும் இரண்டு கொடி பறந்ததே தவிர, இரண்டையும் நனைத்தது ஒரே காவிரி. இரண்டு ஊர்க் குட்டைகளிலும் முளைத்தது ஒரே பூண்டு.

தரங்கம்பாடிக்கு 1768-இல் யோஹான் கேர்ஹார்ட் கேனிக் என்ற வைத்தியர் வந்து சேர்ந்தார். செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸின் மாணவர். பாதிரிமார்களுக்கு மருந்து கொடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாய்க்கால் கரையில் திரிந்து செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் அனுப்பியவற்றில் ஒன்றுக்கு 1779-இல் ஸ்வீடன் தேசத்து ரெட்சியுஸ் பெயர் வைத்தார். நம் நாட்டு மருந்துக்கடைகளில் நாட்டு அதிவிடயம் என்று கிழங்காக விற்கிறதே, அந்தச் செடிதான். இன்று உலகமெங்கும் தொட்டிக்காரர்கள் 'கிரிப்டோகோரைன்' என்று ஆசையோடு நடும் இனத்தில் முதலில் பெயர் பெற்றவற்றுள் அதுவும் ஒன்று. ஹைட்ரில்லா என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் நீர்ப்பூண்டும் கேனிக் அனுப்பிய மாதிரியைக் கொண்டு 1782-இல் பெயர் பெற்றதுதான். மீன் மட்டும் இளைத்ததா? தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ஜான் பாதிரியார் பிடித்து அனுப்பிய மீன்களை வைத்துக்கொண்டு பெர்லினில் மார்க்குஸ் ப்ளாக் என்ற வைத்தியர் தம் பெரிய மீன் நூலில் பல பக்கங்களை நிரப்பினார்.

பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. காரைக்கால் வீட்டுக்கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டி அந்நியச் சரக்கல்ல. வாசலுக்கு வெளியே இருக்கிற குட்டையின் ஒரு துண்டுதான், நாலு பக்கமும் கண்ணாடி கட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. குட்டைக்கு உள்ள விதிதான் அதற்கும்.

காரைக்காலில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் 'சொல்தா வீடு' என்றால்தான் தெரியும். பேரனுக்காக மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கி மேற்கு ஜன்னலோரம் வைத்தார். முதல் மாதம் பழுப்பாகத் தூசி மாதிரி கண்ணாடியில் படிந்தது. பிறகு பச்சை நூல் நூலாகச் செடிகளைச் சுற்றியது. நான் போயிருந்த சமயம் உள்ளே மீன் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"நீலமாக ஒரு மருந்து கொடுத்தான் கடைக்காரன். பத்துச் சொட்டு விடச் சொன்னான். இவன் இருபது விட்டான்" என்று பேரனைக் காட்டினார்.

"சீக்கிரம் போகட்டும்னுதான் தாத்தா" என்றான் பையன்.

சீக்கிரம்தான் போயிற்று. இரண்டே நாளில் பாசி வெளுத்து உதிர்ந்தது. மூன்றாம் நாள் நத்தைகள் கூட்டோடு புரண்டு கிடந்தன. நான்காம் நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன, இரண்டு செத்தன. மூன்று வாரத்தில் பாசி திரும்பிவிட்டது. திரும்பாதவை நத்தையும் மீனும்தான்.

அந்த நீல மருந்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது மயில்துத்தம். அதையும் சுண்ணாம்பையும் கலந்து திராட்சைக் கொடிக்குத் தெளித்தால் பூஞ்சை நோய் போகும் என்று 1885-இல் உலகுக்குச் சொன்னவர் போர்தோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்தே. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இருவர் 1904-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். குடிதண்ணீர்த் தேக்கங்களில் பாசி பிடித்து நாற்றமெடுக்கிறதா? மிகமிகச் சிறிய அளவு மயில்துத்தத்தைக் கரைத்துவிட்டால் போதும் என்றார்கள். சாக்கில் துத்தத்தைக் கட்டிப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வரும் வழக்கம் ஊருக்கு ஊர் பரவியது.

மருந்து பொய் சொல்லவில்லை. பாசி சாகத்தான் செய்கிறது. செத்த பாசி எங்கே போகும்? அங்கேயே அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் விடியற்காலையில் வாயைப் பிளப்பது அதனால். அழுகிய பின் அதன் உடம்பிலிருந்த உப்பெல்லாம் மறுபடி தண்ணீரிலேயே கரையும். அடுத்த பாசிக்கு அதுவே எரு. போதாதற்குத் துத்தம் நத்தைக்கு நஞ்சு. வாரிங்டன் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த மூன்றாவது பேர்வழியை மூரின் மருந்து முதலில் கொன்றுவிடுகிறது. 1850-க்கும் 1904-க்கும் நடுவில் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு எதிரியைத் தேட ஆரம்பித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வள்ளுவர் வைத்தியனுக்கு ஒரு வரிசை வைத்துக் கொடுத்திருக்கிறார்: முதலில் நோய் இன்னதென்று தெரியவேண்டும்; பிறகு அதன் காரணம்; மருந்து அதற்கப்புறம். பாசி விஷயத்தில் முதற்படியிலேயே நாம் தடுக்கி விழுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் அல்லவா வைத்திருக்கிறோம்!

அந்த முதற்படியைக் கட்டியவர்களில் சென்னைக்காரர் ஒருவர் உண்டு. மண்டயம் பார்த்தசாரதி ஐயங்கார், எம். ஓ. பி. ஐயங்கார் என்றால் உலகத்துப் பாசி ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். 1886-இல் பிறந்து 1963-இல் காலமானார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆராய்ச்சிக்கூடத்தை வளர்த்தவர். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகும் குட்டைகளின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து குப்பியில் அள்ளிக்கொண்டு போவார். வற்றிக்கொண்டிருக்கும் மழைநீர்க் குட்டையின் ஈரமண்ணில் அவர் கண்டெடுத்த ஒரு பாசிக்கு, லண்டனிலிருந்த தம் ஆசிரியர் ஃபிரிட்ச்சின் பெயரால் 1932-இல் 'ஃபிரிட்ச்சியெல்லா' என்று பெயரிட்டார். தண்ணீரிலிருந்த பச்சை எப்படித் தரைக்கு ஏறியிருக்கலாம் என்று பேசுகிறவர்கள் அந்த அற்பப் பாசியை இன்றும் குறிப்பிடுகிறார்கள். அவருடைய மாணவர் தேசிகாச்சாரி 1959-இல் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அந்த ஒரு வகுப்புக்கே அவ்வளவு கனமான புத்தகம் தேவைப்பட்டது என்றால், 'பாசி' என்ற ஒற்றைச் சொல் எத்தனை பேரை மறைத்துக்கொண்டிருக்கிறது, பாருங்கள்!

தொட்டிக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கண்ணும் விரலும் மூக்கும் போதும்.

புதுத் தொட்டியில் பழுப்புத் தூசி படிந்து விரலால் துடைத்ததும் வந்துவிட்டால் அது டயாட்டம். கண்ணாடி செய்யும் மணல்சத்தையே ஓடாகப் போர்த்துக்கொள்ளும் நுண்ணுயிர். தொட்டி புதிது என்பதைத் தவிர வேறொன்றும் அது சொல்லவில்லை. சில வாரம் பொறுத்தால் தானே போகும். தண்ணீரே பச்சையாகி, டம்ளரில் எடுத்தாலும் பச்சையாக இருந்தால் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. நேர் வெயில் விழுகிறது, அல்லது மீன் கழிவு செடியின் பசிக்கு மேல் சேர்கிறது என்று அர்த்தம். தண்ணீரைக் கொஞ்சம் மாற்றினால் மிச்சமிருப்பது பெருகி ஈடுசெய்துவிடும். தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நான்கு நாள் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் தளரும். செடி வேரிலும் தண்டிலும் சேமித்ததை வைத்துச் சமாளித்துக்கொள்ளும்.

நூல் நூலாக இருப்பது இன்னொரு ஜாதி. தென்னை ஈர்க்கில் சுற்றி இழுத்தால் சிக்கோடு வந்துவிடும். வெளிச்சம் மிஞ்சிப்போய்ச் செடிக்கு வேறு ஏதோ சத்துப் போதவில்லை என்பது அதன் சேதி. கண்ணாடியில் பச்சைப் புள்ளியாகக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டத்தான் வேண்டும். இலையின் ஓரத்தில் கறுப்புக் குஞ்சம் மாதிரி பிடித்துக்கொண்டு எந்த இழுப்புக்கும் வராதது ஒன்று உண்டு. கறுப்பாகத் தெரிந்தாலும் அது செம்பாசி இனம். ஒரு துணுக்கைச் சாராயச் சத்தில் போட்டால் பச்சை கரைந்து சிவப்புத் தெரியும். தண்ணீரில் கரிச்சத்து ஒருநாள் கூடி ஒருநாள் குறைந்து நிலையில்லாமல் ஆடும் தொட்டிகளில் அது குடியேறும்.

கடைசி ஆசாமிதான் முக்கியம். நீலம் கலந்த பச்சையாய், கொழகொழவென்று, மண்ணையும் செடியையும் பாய் விரித்தாற்போல் மூடி, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஏடாக உரிந்து வருவது. மூக்கருகே கொண்டுபோனால் சேற்று நாற்றம் அடிப்பது. நீலப்பச்சைப் பாசி என்று பெயரே தவிர, உண்மையில் அது பாக்டீரியா வர்க்கம். தின்ன ஆள் கிடைப்பது அரிது. நத்தைகூடத் திரும்பிப் பார்க்காது. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, அடியில் சேர்ந்த மக்கலை வாரி, தண்ணீர் ஓடாத மூலையில் ஓட்டம் உண்டாக்கி, சில நாள் இருட்டில் வைப்பதே முறை. அதற்கு மனிதருக்குக் கொடுக்கும் கிருமிக்கொல்லி மாத்திரையைக் கரைத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுத் தொட்டிக்காக, நாளைக்குக் குழந்தைக்குப் பலிக்க வேண்டிய மருந்தைக் கிருமிகளுக்குப் பழக்கிக் கொடுப்பது நல்லதில்லை.

இந்தக் கடைசி ஆசாமியைப் பற்றி வேடிக்கையாகப் பேச முடியாது. 1878-இல் ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஏரியைப் பற்றி எழுதினார். கரையில் ஒதுங்கிய பச்சை ஏட்டைக் குடித்த ஆடுமாடுகள் மணிக்கணக்கில் செத்து விழுந்தன என்றார். 1996-இல் பிரேஸில் தேசத்து கருவாரு நகரில், இந்த வர்க்கத்துப் பாசியின் நஞ்சு கலந்த தேக்கத் தண்ணீர், சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பச்சையெல்லாம் பசுமை என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே வர்க்கத்தை ஒரேயடியாக ராட்சசனாக்கிவிடவும் முடியாது. வங்காளத்து விஞ்ஞானி பி. கே. டே 1939-இல், நெல்வயலில் தேங்கிய தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன என்று காட்டினார். யூரியா மூட்டை வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பிருந்தே நம் வயல்கள் வருஷா வருஷம் விளைந்ததில் அதற்கும் பங்குண்டு. இன்று விவசாயிகள் வளர்க்கும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து உழைப்பதும் அதே குலம்தான். வயலில் குடியானவன், குளத்தில் கொலைகாரன். இடத்தையும் அளவையும் பார்த்துத்தான் பேர் வைக்கவேண்டும்.

காரணத்தைத் தேடியவர்களின் கதைக்கு வருகிறேன். சோப்புத் தூளும் சாக்கடையும் ஏரிகளில் கலந்து உலகமெங்கும் தண்ணீர் பச்சையாகிக்கொண்டிருந்த காலம். எந்தச் சத்தால் இந்த வினை என்று பெரிய தர்க்கம் நடந்தது. 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்பவரும் சகாக்களும் இடை சிறுத்த ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பெயர்கூட இல்லை. 226 என்று எண்தான். சிறுத்த இடையில் திரை கட்டி இரண்டாக்கினார்கள். ஒரு பக்கம் கரிச்சத்தும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் சீக்கிரமே பச்சையாகிப் போயிற்று. மற்றது தெளிவாகவே நின்றது. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரே ஏரி இரண்டு நிறமாகத் தெரிந்தது. அந்தப் படம் பல பக்க வாதத்தை முடித்துவைத்தது.

தொட்டிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1996-இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், செடிக்கு மற்றச் சத்துக்களைக் குறைவில்லாமல் கொடுத்துப் பாஸ்பரஸை மட்டும் இறுக்கிப் பிடித்தால், இருக்கிற கொஞ்சத்தையும் செடி எடுத்துக்கொள்ளும், பாசி பட்டினி கிடக்கும் என்று எழுதினார்கள். பலருக்குப் பலித்தது. பிறகு வந்த சிலர் துணிந்து பாஸ்பரஸையும் சேர்த்துப் பார்த்தார்கள். செடி நன்றாகத் தழைத்த தொட்டியில் அப்போதும் பாசி வரவில்லை! செடி நலிந்த தொட்டியிலோ சத்துக் குறைந்தும் பாசி வந்தது. ஏரிக்கு முழு உண்மையாக இருந்தது தொட்டிக்குப் பாதி உண்மையாயிற்று. ஏரியின் நடுவில் போட்டிக்குச் செடி இல்லை, தொட்டியில் இருக்கிறது. ஜப்பானியர் தகாஷி அமானோ நீருக்கடியில் காடும் புல்வெளியுமாக வளர்த்துக் காட்டியபோது, பாசி தின்பதற்கென்று சிறு இறால்களைக் கூட்டமாக விட்டார். வாரிங்டனின் நத்தை வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சொல்தா வீட்டு நண்பரும் கடைசியில் அந்த வழிக்கே வந்தார். தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினார். பதினாலு மணி நேரம் எரிந்த விளக்கை ஏழு மணி நேரமாக்கினார். பேரன் நாளைக்கு ஐந்து வேளை தீனி போட்டுக்கொண்டிருந்தான். அது ஒருவேளை ஆயிற்று. வாரத்துக்கு ஒருதரம் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினார். வேகமாக வளரும் வேலம்பாசியைக் கைநிறைய நட்டு, வளர வளர வெட்டி வெளியே போட்டார். ஒரு மாதத்துக்குச் சற்று மேலாயிற்று. "சர்க்கரை வியாதிக்காரனுக்கு டாக்டர் சொன்ன மாதிரி இருக்கிறது. மருந்து எதுவும் இல்லை, வாயைக் கட்டு, வேளைக்குத் தூங்கு!" என்றார். தொட்டியில் கண்ணாடி தெரிந்தது, மீனும் தெரிந்தது.

வெட்டி வெளியே போட்டார் என்று எழுதினேனே, முழு ரகசியமும் அதில்தான் இருக்கிறது. உள்ளே போனது ஏதாவது ஒரு ரூபத்தில் வெளியே வரவேண்டும். தீனியாகப் போவது செடியாகி வெளியே வரலாம். அழுக்குத் தண்ணீராகி வரலாம். வராவிட்டால் பாசியாகி உள்ளேயே நிற்கும். தீர்க்காத வட்டி ஏறிக்கொண்டே போவது போல.

இதை வைத்துக்கொண்டு காவிரிக் கரையின் பழைய குளங்களைப் பார்த்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. குளம் என்றால் வரத்து வாய்க்கால் ஒன்று, வடிகால் ஒன்று. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் வரத்தைத் திறப்பார்கள். பழைய தண்ணீர் வடிகால் வழியே வயலுக்குப் போகும். வாரா வாரம் நண்பர் செய்ததைக் குளத்துக்கு வருஷா வருஷம் செய்தார்கள். கோடையில் குளம் வற்றும்போது ஊர் கூடித் தூர் வாரி, வண்டலை வண்டி வண்டியாக வயலில் கொட்டுவார்கள். அந்த வண்டலில் இருந்தது என்ன? வருஷம் முழுவதும் குளத்தில் சேர்ந்த உப்புச்சத்து, ஷிண்ட்லர் திரை கட்டிக் கண்டுபிடித்த பாஸ்பரஸ் உள்பட. குளத்துக்கு வேண்டாதது வயலுக்கு வேண்டும். குளத்தின் கடனை வயலில் வரவு வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு பாஸ்பரஸ் என்ற பெயர் தெரியாது, கணக்குத் தெரிந்திருந்தது.

வரத்து அடைபட்டுப் போன குளத்தின் கதி என்ன? எஸ். வி. கணபதி என்ற நம்மவர் 1940-இல் ஒரு கோயில் குளத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை அந்தக் குளத்தில் வந்து வந்து போகவில்லை. நிரந்தரமாகவே குடியிருந்தது என்பதுதான் அந்தக் கட்டுரையின் விஷயம். பச்சைக் குழம்பு போன்ற அத்தகைய குளங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கையால் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டும் வந்திருக்கிறோம்.

காரைக்கால் நகரத்தின் நடுவில் அம்மையார் கோயிலை ஒட்டிச் சந்திர தீர்த்தம் இருக்கிறது. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவுக்கு ஊரே அதைச் சுற்றித்தான் கூடுகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே திருநள்ளாற்றில் நள தீர்த்தம். சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கானவர்கள் எண்ணெய் தேய்த்து முழுக வருகிறார்கள். நளனைப் பிடித்த சனி அங்கே விட்டது என்பது ஐதிகம். வருகிறவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை அந்தத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் போகிறார். விட்டதைத் தண்ணீர் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அதற்கு ஒரு வழி வேண்டாமா? வழி இருக்கிறவரைக்கும் அது தீர்த்தம். தண்ணீர் வரவும் போகவும், சேறு வெளியேறவும், மீனும் நத்தையும் வாழவும் இடம் வைத்தவரைக்கும் எந்தக் குளமும் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. வரத்தின்மேல் வீடு கட்டி, வடிகாலைச் சாக்கடையாக்கி, ஆழ்குழாய்த் தண்ணீரால் நிரப்பி, பச்சை தட்டியதும் மருந்து தெளிக்கிறவர்கள், இருபது சொட்டு விட்ட அந்தப் பையனின் அண்ணன்மார்கள்தான். பையனுக்காவது ஏழு வயது.

பாசியை யாரும் விரும்பி அழைப்பதில்லை. அது அழையாமல் வருவதுமில்லை. மிஞ்சிய வெளிச்சம், மிஞ்சிய தீனி, வெளியேறாத அழுக்கு என்று நாம் எழுதிவைத்த ஓலைக்குத்தான் அது வந்து நிற்கிறது. வந்தவனை அடித்துத் துரத்துவதற்கு முன், இன்னார் என்று கேட்டு, கையிலிருக்கும் ஓலையை ஒருதரம் வாங்கிப் படித்துவிடுவது நல்லது. அதில் இருப்பது நம் கையெழுத்தாக இருக்கும்.